இரண்டு பேருக்கான உரிமம்

பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே போன எட்சனின் விரல் ஓரிடத்தில் நின்றது. அதுவரை தகரம், திருகாணி, தூசி. இப்போது மெத்தென்று ஏதோ. குனிந்து பார்த்தான். ஹெட்போன் செருகும் துளைக்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு துளை, மைக் செருகுவதற்கானது. யாரோ அதற்குள் பஞ்சை வைத்து அடைத்திருந்தார்கள். அடைத்ததோடு விடாமல் மேலே ஆஸ்பத்திரி பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தார்கள். பிளாஸ்திரி பழுத்து ஓர் ஓரம் விட்டிருந்தது. அந்த வழியாகப் பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது.

அப்படி அடைத்த பஞ்சை அவன் போன நவம்பரில் பார்த்திருக்கிறான். ரெனிஷாவின் மூக்கில்.

"இது என்ன அண்ணாச்சி?"

சுந்தரராஜ் நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"அதா? அடைச்சது நான்தான் மக்கா. ஒம் வீட்டுக்காரி சொல்லித்தான்."

சுந்தரராஜ் பதினெட்டு வருடம் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் அட்டெண்டராக இருந்தவர். ரெனிஷா அந்த லேபில் படித்ததையும் பார்த்தவர், பிறகு அங்கேயே ஆசிரியையாக வந்ததையும் பார்த்தவர். கல்லூரி பழைய யந்திரங்களைக் கழித்தபோது மொத்தமாக எடுத்துவந்து, களியக்காவிளையில் வாழைக்குலை மண்டிக்குப் பின்னால் இந்தக் கடையைப் போட்டிருந்தார். கடைக்குள் பழுத்த வாழைப்பழ வாசனையும் ஈயம் உருகும் வாசனையும் கலந்தே வீசும்.

"மைக்கே மாட்டாத ஓட்டைய எதுக்கு மேடம் அடைக்கணும்னு கேட்டேன். 'சுந்தரண்ணே, கேள்வி கேக்காம அடைச்சிரும்'னு சொல்லிச்சு. நமக்கு வாய் சும்மா இருக்குமா? பல்லி உள்ள போயி முட்டையிட்டிரும்னு பயமான்னேன். சிரிக்கல்ல. என் தமாசுக்கு அந்தப் பிள்ள சிரிக்காம போனது அந்த ஒரு நாளுதான்."

எட்சன் பிளாஸ்திரியின் விட்டிருந்த ஓரத்தை அமுக்கி வைத்தான்.

"சரி, காரியத்துக்கு வா. யூனிக்ஸ் பெட்டி மூணு கெடக்கு. தொண்ணூத்தி மூணுல வாங்கினது. எதுல எத வச்சி வேணும்னு நீ சொல்லு, நான் சேத்துத் தாறேன்." மேசை இழுப்பறையைக் குடைந்து மஞ்சள் பாரித்த ஒரு தாளை எடுத்தார். அன்று கம்பெனிக்காரன் கல்லூரிக்குக் கொடுத்த விலைப்பட்டியல். ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஒரு சிறு கட்டம். சிலவற்றில் டிக் அடித்திருந்தது. அன்றைய யந்திரம் அப்படித்தான் வரும். பெட்டி மட்டும் ஒரு விலை. நினைவகம் தனி, வட்டு தனி, திரை தனி, நாடா ஓட்டும் டிரைவ் தனி. உள்ளே ஓடும் மென்பொருளும் துண்டு துண்டாகத் தனித்தனி.

"மெமரி. பதினாறு எம்பி, முப்பத்திரண்டு, அறுபத்திநாலு. ஒன் செல்போனப் பாத்தா இதுக்கு வெக்கமா இருக்கும்."

"எது நல்லா ஓடும்?"

"முப்பத்திரண்டு போதும். திரை? கலர்னா ரெண்டு பேரு சேந்து தூக்கணும். தூக்க ஆளு உண்டா?"

"இல்ல."

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்போ கறுப்பு வெள்ளை. வெளிச்சம் பாலு மாதிரி இருக்கும். டேப் டிரைவ்?"

"அதுதான் வேணும். மத்ததெல்லாம் அதுக்காகத்தான்."

எட்சன் பையிலிருந்து அந்த நாடாப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். கைக்கு அடங்கும் அளவு. அடியில் அலுமினியத் தகடு இருந்ததால் அளவுக்கு மீறிய கனம். மேலே நீல மையில், சாய்ந்த எழுத்தில்: ரெனி 97. கடைசி வருட மாணவியாக அவள் செய்த புராஜெக்ட். தமிழ் எண்களைச் சொன்னால் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ள வேண்டும். அதற்காக பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை தன் குரலிலேயே பதிவு செய்திருந்தாள். கம்ப்யூட்டர் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. குரல் மட்டும் நாடாவில் தங்கிவிட்டது.

அவள் குரல் வேறெங்கும் இல்லை. கல்யாண வீடியோவில் அவள் பேசுவது தெரியும், கேட்காது. சர்ச்சில் ஆல்டரின் முன்னால் உறுதிமொழி சொல்லும் இடத்தில்கூட வீடியோக்காரன் பாட்டுப் போட்டிருந்தான்.

சுந்தரராஜ் எழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பட்டியலுக்குத் திரும்பினார்.

"டிஸ்க்கு. புதுசா சுத்தம் பண்ணி, சிஸ்டத்த முதல்ல இருந்து ஏத்தித் தரட்டா? இல்ல காலேஜுல கெடந்த பழைய டிஸ்க்கு அப்படியே வேணுமா?"

"பழையதுல சத்தம் ஓட்டுற புரோகிராம் இருக்குமா?"

"இருக்கும். அந்தப் பிள்ளயே எழுதினது. புதுசுன்னா அத ஓட வைக்க கம்பைலர்னு ஒரு சாப்ட்வேர் தனியா வேணும், அது நம்மட்ட இல்ல."

"பழையதே போதும்."

"லைசென்சு ரெண்டு யூசர். ஒரே நேரத்துல ரெண்டு பேருதான் உள்ள இருக்க முடியும். மூணாவது ஆளு வந்தா கதவு தெறக்காது. பதினாறு பேரு லைசென்சுள்ள பெட்டியும் கெடக்கு."

"நான் ஒருத்தன்தான்."

"கடைசி. மைக்கு வேணுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. கேக்க மட்டும்தான்."

*

வீடு குழித்துறை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்தின் விளிம்பில். வீடு முழுக்க கான்கிரீட். படுக்கையறைக்குப் பின்னால் இழுத்துக் கட்டிய ஓர் அறைக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதற்குப் படுக்கையறை வழியாகத்தான் போக வேண்டும். கதவு வைக்கவில்லை, ஒரு திரைச்சீலைதான். அதுதான் எட்சனின் வேலையறை.

அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு எழுத்தாக அடித்து அனுப்புவது அவன் வேலை. தலையில் ஹெட்போன், விரலுக்குக் கீழே கீபோர்டு, காலுக்குக் கீழே ஒரு மிதி. முன்பக்கம் மிதித்தால் ஒலி ஓடும். விட்டால் நிற்கும். குதிகாலால் அமுக்கினால் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி சொல்லும். ஏழு வருடப் பழக்கத்தில் அவன் காது கூர்ந்துவிட்டது. டாக்டர் நடந்துகொண்டே பேசுகிறாரா, மைக்கை வாயருகில் பிடித்திருக்கிறாரா, அறை பெரியதா சின்னதா, எல்லாம் கேட்டே சொல்வான். அறையில் பேசாமல் இன்னொருவர் இருந்தால் அதுவும் தெரியும். மூச்சு காட்டிக்கொடுத்துவிடும்.

அவ்வளவு கூர்மையான காது போன வருடம் நவம்பர் பதினெட்டாம் தேதி மாலை ஹெட்போனுக்குள் இருந்தது.

ரெனிஷாவுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. அன்று கல்லூரியிலிருந்து நனைந்துவந்து, கைப்பையை அவன் நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று போனாள். அவனுக்கு இரண்டு மணிநேரத்தில் அனுப்ப வேண்டிய ஒரு பதிவு. ஷீட்டின் மேல் மழை கல்லாகக் கொட்டியது. ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டான். ஆறரை மணிக்கு, சாயா போடட்டுமா என்று கேட்கப் போனான். இன்ஹேலர் கைப்பைக்குள் இருந்தது. கைப்பை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னான். கல்லறைத் தோட்டத்தில், மண் தள்ளி முடிந்த பிறகு, மாமியார் சத்தியபாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவ ஒன்ன விளிச்சாளா மக்கா?"

"இல்ல மாமி."

கூப்பிடவில்லை என்றது பொய் என்று அவனுக்குத் தெரியாது. உண்மை என்றும் தெரியாது. ஒரு வருடமாக அந்த இரண்டுக்கும் நடுவில் படுத்துத் தூங்குகிறான், முன்னறையில், பாயில்.

சனிக்கிழமை மதியம் சத்தியபாய் போன் செய்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் வருட நினைவு ஜெபம்.

"போதகர் பத்து மணிக்கு வருவாரு. நான் வெள்ளனயே வந்திருதேன். அந்த டேப்பு பாடுமா மக்கா?"

"இன்னைக்குப் பாத்திருவேன் மாமி."

"எனக்கு அவ சத்தம் மறந்து போச்சு. பெத்தவளுக்கு மறக்குமான்னு நானே ஆளுகளட்ட சொல்லிட்டுத் திரிஞ்சேன். மொகம் கெடக்கு, சத்தம் இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "நீ சோறு தின்னியா?"

"தின்னேன்."

தின்னவில்லை.

*

நாலரைக்கு மழை பிடித்தது. தோட்டத்தில் ரப்பர் இலைகள் மேல் முதலில் ஒரு சலசலப்பு, பிறகு ஷீட்டின்மேல் விரல்களால் தட்டுவதுபோல, பிறகு எல்லாமாகச் சேர்ந்து ஒரே இரைச்சல். எட்சன் வேலை மேசையில் தன் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அந்தச் சதுரத் தகரப் பெட்டியை வைத்தான். அதன்மேல் கறுப்பு வெள்ளைத் திரை. பக்கத்தில் டேப் டிரைவ், சாப்பாட்டுத் தூக்குபோல ஒன்று. வயர்களை மாட்டினான். ஹெட்போனின் முனையைத் துளையில் செருகினான். போகவில்லை. பக்கத்துத் துளையின் பிளாஸ்திரி இந்தத் துளையின் விளிம்பிலும் ஏறி ஒட்டியிருந்தது.

நகத்தால் பிளாஸ்திரியை உரித்தான். கூடவே பஞ்சும் வந்தது. கொஞ்சம்தான் இருக்கும் என்று நினைத்து இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. விரல் நீளம், பிறகு சாண் நீளம். பத்து வருடம் தகரத்துக்குள் கிடந்த பஞ்சு காய்ந்து பொடிய வேண்டும். இதன் நுனி ஈரமாக இருந்தது. மழைக்காலம், எல்லாமும்தான் ஈரம் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு குப்பைக்கூடையில் போட்டான். விரலைச் சட்டையில் துடைத்தான். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

யந்திரம் விழித்துக்கொள்ள நாலு நிமிடம் எடுத்தது. உள்ளே கடிகார பாட்டரி செத்துப்போயிருந்ததால் தேதியும் நேரமும் கேட்டது. சுவரைப் பார்த்து அடித்தான். பெயர் கேட்டது. சுந்தரராஜ் எழுதிக்கொடுத்திருந்த லேபின் பொதுப்பெயரை அடித்தான். திரை வெள்ளையாக விரிந்தது. பால் மாதிரி என்று அவர் சொன்னது சரிதான். அந்த வெளிச்சத்தில் அவன் கைகள் வேறு யாருடைய கைகளோபோல வெளுத்துத் தெரிந்தன.

நாடாவைத் தள்ளினான். அது முனகி, சுற்றி, நின்று, மறுபடி முனகியது. உள்ளிருந்த கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. 0, 1, 2, 3. எல்லாவற்றுக்கும் ஒரே தேதி, 1997 மார்ச். 7, 8, 9.

அதன்கீழ் 10.

எண்கள் பத்துத்தான். பூஜ்யத்திலிருந்து ஒன்பது. அவளுடைய புராஜெக்ட் புத்தகம் அலமாரியில் இருக்கிறது, அதிலும் பத்துத்தான். மற்றவை ஒவ்வொன்றும் சின்னச் சின்னக் கோப்புகள், அரை நிமிடம் ஓடக்கூடியவை. இது பத்தொன்பது மெகாபைட். மனதுக்குள் கணக்குப் போட்டான். நாற்பது நிமிடம்.

அதைப் பிறகு பார்க்கலாம். முதல் கோப்பை ஓடவிட்டான்.

இரைச்சல். லேபின் ஏசி. ஒரு நாற்காலி நகர்கிறது. பிறகு காதுக்குள், மிக அருகில், இருபத்தொரு வயதுக் குரல்.

"பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்."

எட்சன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அவள் மூச்செடுப்பது கேட்டது. மூச்சின் கடைசியில் அந்த மெல்லிய விசில், புல்லாங்குழலில் ஊதத் தெரியாதவன் ஊதியதுபோல. அது இருக்கும் என்பதை அவன் மறந்தே போயிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கேட்டான். "நாலு" சொல்லும்போது யாரோ ஏதோ சொல்ல, அவள் சிரித்துவிடுகிறாள். "சும்மா இரியும் சுந்தரண்ணே," என்கிறாள். அந்த இடத்தை ஆறு முறை கேட்டான். அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. நாளைக்கு மாமி வந்து கேட்கும்போது வரலாம்.

ஒன்பது முடிந்தது.

பத்தாவது கோப்பை ஓடவிட்டுவிட்டு, இன்னொரு சாளரத்தைத் திறந்து வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க நினைத்தான். இரண்டாவது முறை பெயர் கேட்டது. அடித்தான். மறுத்துவிட்டது. இரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள், இடமில்லை என்றது.

உள்ளே யார் யார் என்று கேட்டான். பட்டியல் வந்தது. முதல் வரியில் அவன் அடித்த பெயர், அவன் நுழைந்த நேரம். இரண்டாவது வரியில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நேராக நேரம் மட்டும். நாலு ஐம்பத்திரண்டு.

யந்திரத்துக்கு அவன் நேரம் சொல்லிக்கொடுத்ததே ஐந்து மணிக்குத்தான். நாலு ஐம்பத்திரண்டுக்கு அது விழித்திருக்கக்கூட இல்லை. அப்போது அவன் பஞ்சைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

பழைய சாமான். ஏதாவது உளறும். ஹெட்போனைச் சரிசெய்துகொண்டான்.

*

பத்தாவது கோப்பில் பேச்சு இல்லை. ஓர் அறை மட்டும் இருந்தது.

லேப் அல்ல. ஏசி இல்லை. ஒரு மின்விசிறி சுற்றுகிறது; ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் என்கிறது. கொஞ்ச தூரத்தில் மழை, தகரமல்ல, ஷீட்டின்மேல் விழும் மழை. மைக் மிகத் தாழ்வான இடத்தில், மெத்தென்ற ஏதோ ஒன்றின்மேல் இருக்கிறது. பக்கத்தில் துணி உரசுகிறது. அவன் விரல்கள் தாமாகவே தன் கம்ப்யூட்டரின் கீபோர்டுக்குப் போயின. கேட்பதை அடிப்பது அவனுக்கு மூச்சுவிடுவதுபோல. வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து அடிக்க ஆரம்பித்தான். மின்விசிறி. மழை. தெளிவில்லை. தூரத்தில் டைப் அடிக்கும் சத்தம்.

டைப் அடிக்கும் சத்தம்.

வேகமான நாலைந்து தட்டு, ஒரு சின்ன இடைவெளி, காலடியில் மிதியின் ஒரு சொடுக்கு, மறுபடி தட்டு. அந்தத் தாளத்தை அவனுக்குத் தெரியும். யாருக்கும் தன் நடையின் சத்தம் தெரிவதுபோலத் தெரியும். அந்த மின்விசிறியையும் தெரியும். வீடு கட்டியபோது வாங்கியது, முதல் நாளிலிருந்தே டிக் என்றது, மாற்றவேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வீடு கட்டியது 2003இல். நாடாவில் பதிந்தது 1997இல்.

விரல்கள் நிற்கவில்லை. மூச்சு, அருகில். விசில். விசில் கூடுகிறது.

"எட்சு."

அடித்தான்.

"எட்சு. பையத் தாயேன்."

அடித்தான். கட்டிலின் பலகையில் விரல் முட்டியால் தட்டும் சத்தம், மூன்று முறை. அடித்தான். தூரத்தில் அந்தத் தட்டுகள், இடைவெளி, சொடுக்கு, தட்டுகள். ஒருமுறைகூடப் பிசகவில்லை. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது பதினொரு முறை. ஏழாவதுக்குப் பிறகு பெயரில் முதல் எழுத்து மட்டும்தான் வந்தது. பிறகு அதுவும் இல்லை. பலகையில் நகம் இழுபடும் ஒரு நீண்ட கோடு. மழை. மின்விசிறி. தூரத்தில் அவன், சொடுக்கு, தட்டு, சொடுக்கு, தட்டு, நல்ல வேலைக்காரன்.

கோப்பு முடிந்தது. வெள்ளைத் திரையில் அடுத்த கட்டளைக்காகக் கட்டம் சிமிட்டியது.

விளிச்சாள். மாமி, விளிச்சாள்.

எட்சன் கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்தான். அப்போதுதான் கவனித்தான்.

கோப்பு முடிந்துவிட்டது. ஹெட்போனில் மழை நிற்கவில்லை.

மின்விசிறியும் நிற்கவில்லை. டிக். டிக். படுக்கையறை மின்விசிறியை அவன் போடவில்லை. ஒரு வருடமாகப் போட்டதில்லை.

ஒரு விரலை நீட்டி, ஒரே ஓர் எழுத்தைத் தட்டினான்.

ஹெட்போனில், தூரத்தில், திரைச்சீலைக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல, ஒரு தட்டு.

காலால் மிதியைத் தொட்டான். தூரத்தில் ஒரு சொடுக்கு.

பஞ்சு எடுத்த துளை. அதில் மைக் இல்லை. வயர் இல்லை. ஒன்றும் இல்லை.

துணி உரசும் சத்தம். அருகில். மூச்சு.

"எட்சு."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அன்றைக்கு இருந்த அதே அவசரம், அவ்வளவுதான். இன்னும் நேரம் இருக்கிறது என்பதுபோல.

அவன் எழுந்தான். நாற்காலி சக்கரத்தில் பின்னால் ஓடிச் சுவரில் முட்டியது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தான். நாற்காலியின் முதுகில் அந்தக் கைப்பை, ஒரு வருடமாக அவன் தொடாத பை, ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. போய்விட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. இந்த முறை போய்விட வேண்டும். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஓடினான்.

"ரெனி. வந்துட்டேன். வந்துட்டேன்."

கட்டில் வெறுமையாக இருந்தது.

மின்விசிறி சுற்றியது. விரிப்பு, அவன் ஒரு வருடம் முன்பு இழுத்துக் கட்டியபடியே. அவள் படுக்கும் பக்கத்தில் மட்டும், சுவரோரமாக, ஒரு சின்னக் குழிவு. அவன் அதன்மேல் கையை வைத்தான். சூடு. அங்கேயே உட்கார்ந்தான். பிறகு, ஏன் என்று தெரியாமல், படுத்தான். கட்டிலில் அவளுடைய இந்தப் பக்கத்தில் அவன் ஒருநாளும் படுத்ததில்லை. அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அலமாரி மறைக்கும். இங்கிருந்து மறைக்கவில்லை. தலையணையிலிருந்து நேர்க்கோட்டில், விலகிக் கிடந்த திரைச்சீலையின் இடைவெளியில், வேலையறை தெரிந்தது. மேசை தெரிந்தது. நாற்காலி தெரிந்தது.

அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் கூப்பிட்டிருக்கிறாள்.

கட்டில் பலகையில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. தடவினான். நகம் கீறிய கோடு. நீளமாக.

வெளியே இருட்டிவிட்டது. வேலையறையில் விளக்கில்லை, திரையின் பால் வெளிச்சம் மட்டும். அவன் தள்ளிவிட்ட நாற்காலி சுவரோரம் இருக்க வேண்டும்.

மேசையருகில் இருந்தது.

சக்கரம் ஒருமுறை கிறீச்சிட்டது. யாரோ வசதியாக உட்கார்ந்து, இழுத்துப் போட்டுக்கொள்வதுபோல.

எழ நினைத்தான். நெஞ்சு எழவில்லை. மூச்சை இழுத்தான். பாதிவழியில் நின்றது. அவனுக்கு ஆஸ்துமா கிடையாது. இன்னொருமுறை இழுத்தான். உள்ளே, தொண்டைக்குக் கீழே, மெல்லிய ஒரு விசில்.

நாற்காலியின் முதுகில் கைப்பை. அதற்கு மேலே நனைந்த தலைமுடி, முடிந்து வைக்காமல் தொங்கியது. முடியின்மேல், ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு, கறுப்பாக ஹெட்போனின் வளைவு.

"ரெனி."

தலை திரும்பவில்லை.

பலகையில் தட்டினான். மூன்று முறை. "ரெனி. பை. பையத் தா."

அவளுக்குக் கேட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. மேசைக்குக் கீழே, வெளுத்த குதிகால் ஒன்று மிதியை அமுக்கியது. சொடுக்கு. ஹெட்போனிலிருந்து கசிந்து, கொசுவின் அளவில், அவனுடைய குரல் மறுபடி வந்தது. ரெனி. பை. பையத் தா.

பிறகு விரல்கள் தட்டத் தொடங்கின. அவசரமில்லாமல், ஒன்றும் விட்டுப்போகாமல்.

அவன் மூச்சை இழுத்தான். விசில். பெயரில் முதல் எழுத்து மட்டும்தான் வந்தது.

சொடுக்கு. அந்த ஓர் எழுத்து மறுபடி வந்தது.

ஒரு தட்டு.